பற்றுச்சீட்டு வீட்டுக்கா, தலைக்கா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தேக்கா ஈரச்சந்தையில் முருங்கைக்காயும் கீரையும் வாங்கிவிட்டு, கைப்பேசியில் சிங்கப்பூர் அரசாங்கம் வீட்டுக்கு இவ்வளவு என்று தரும் சிடிசி பற்றுச்சீட்டில் ஒரு 5 வெள்ளி, ஒரு 2 வெள்ளியைத் தட்டிக் கொடுத்தால் வேலை முடிந்தது. நல்ல உதவிதான். ஆனால் பேரங்காடியில் அரிசி மூட்டைக்கும் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 2022 வரை 7தான்.

அரிசிக்கு விலக்குத் தந்தால் வசதியானவர்களுக்கே லாபம் என்கிறது அரசாங்கம். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் நான்கறை வீட்டில் ஆறு பேர். கொண்டோமினியத்தில் தனியாக இருப்பவருக்கும் எங்களுக்கும் பற்றுச்சீட்டில் ஒரே தொகை. வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் அப்படித்தான் ஆகும். வரியை மட்டும் ஆறு வயிற்றுக்கும் சேர்த்துக் கட்டுகிறோமே!

நாட்டின் சேமிப்பான நிதி இருப்பில் கைவைக்கச் சொல்லவில்லை. அந்த இருப்பை முதலீடு செய்து எதிர்பார்க்கப்படும் நீண்டகால வருமானத்தில் பாதிக்கு மேல் செலவழிக்கக்கூடாது என்ற விதி நல்ல விதி. கொவிட் காலத்தில் அந்த இருப்புதானே கைகொடுத்தது. 2025 வரவுசெலவுத் திட்ட உரையில் முந்தைய நிதியாண்டுக்கு 640 கோடி வெள்ளி உபரி என்றார்கள். அப்படி மிஞ்சும் ஆண்டிலாவது தலைக்கணக்கில் கொஞ்சம் கூட்டித் தரலாமே? அடையாள அட்டை எண்ணும் முகவரியும் அரசாங்கத்திடமே இருக்கின்றன. புதிதாக ஒரு படிவம்கூட வேண்டாம்.

இல்லத்தரசி, ஈசூன்