செயலாளர் ஆண்டறிக்கை 2004–05: கோட்டா முடிந்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2004 ஏப்ரல் முதல் 2005 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையைத் திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியாளர்களான நம் சங்கத்தின் செயற்குழு சார்பில் சமர்ப்பிக்கிறேன். இந்த ஆண்டில் முதல் ஒன்பது மாதம் கோட்டாவோடு, அதாவது இறக்குமதி செய்யும் நாடுகள் நம் துணிக்கும் ஆடைக்கும் வைத்த அளவு வரம்போடு, சரக்கு அனுப்பினோம். கடைசி மூன்று மாதம் கோட்டா இல்லாமல் அனுப்பினோம். 1974இல் தொடங்கிய பல்லிழை ஒப்பந்தம், அதன் இடத்துக்கு 1995இல் வந்த துணி மற்றும் ஆடை ஒப்பந்தம் என்று 31 ஆண்டுகள் நீடித்த கட்டுப்பாடு 2004 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. கூட்டங்கள், வரவேற்புகள் பற்றிய விவரங்களைச் சுருக்கிவிட்டு, உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் அதிகம் கேட்ட விஷயங்களையே இங்கே எழுதியிருக்கிறோம். மார்ச்சுக்குப் பிறகு இந்த 2005 அக்டோபர் வரை வந்த மாற்றங்களும் இதில் உண்டு.

நான்கு கட்டங்களாகக் கோட்டாவை விலக்குவது என்பதுதான் ஒப்பந்தம். 1990ஆம் ஆண்டு இறக்குமதி அளவில் 16 சதவீதம் 1995இலும், 17 சதவீதம் 1998இலும், 18 சதவீதம் 2002இலும் விடுபட்டன. மீதி 49 சதவீதம் கடைசி நாளுக்கு வைக்கப்பட்டது. எந்த இனத்தை (துணி, ஆடை வகையை) எப்போது விடுவது என்ற உரிமை இறக்குமதி செய்யும் நாட்டின் கையில் இருந்ததால், தங்கள் ஆலைகளுக்கு இடைஞ்சல் தராத இனங்களையே அவர்கள் முதலில் விட்டார்கள். குழந்தை ஆடைக்கு அமெரிக்கா 2002இல் வழிவிட்டது. திருப்பூருக்குச் சோறு போடும் பருத்திப் பின்னல் சட்டைகள் (அமெரிக்கக் கணக்கில் 338, 339, ஐரோப்பியக் கணக்கில் 4ஆம் இனம்) கடைசி நாள் வரை கட்டுக்குள்தான் இருந்தன. பத்தாண்டு அவகாசம் கிடைத்ததே என்று வெளியில் பலர் சொல்கிறார்கள். நமக்கு அது ஒரே இரவில் நடந்த மாற்றம்.

டிசம்பர் சரக்கும் பிப்ரவரிக் கதவும்

ஆண்டு முடிவில் மிக அதிகமாகக் குழப்பிய கேள்வி, எந்தச் சரக்கு எந்த ஆண்டுக் கணக்கு என்பதே. அமெரிக்கச் சுங்கம் பார்ப்பது, சரக்கு ஏற்றிய கப்பல் நம் நாட்டை விட்டுக் கிளம்பிய தேதியை. இன்வாய்ஸ் தேதியையோ, நியூயார்க்கில் இறங்கிய தேதியையோ அல்ல. தூத்துக்குடியில் டிசம்பர் 30 அன்று கிளம்பி, கொழும்பில் ஜனவரி 4 அன்று பெரிய கப்பலுக்கு மாறிய கண்டெய்னர் 2004 கணக்கில்தான் சேரும். அதற்குக் கோட்டாவும் வேண்டும், விசாவும் (இன்வாய்ஸில் குத்தும் ஏற்றுமதி அனுமதி முத்திரை) வேண்டும். ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் கிளம்பியதற்கு இரண்டும் வேண்டாம்.

2004இல் கிளம்பி, கோட்டா அளவுக்கு மேல் போய்ச் சேர்ந்த சரக்குக்கு ஜனவரி முழுவதும் கதவு மூடியே இருந்தது. பிப்ரவரி 1 முதல் மாதத்துக்கு, அந்த இனத்தின் 2004 அளவில் 5 சதவீதம் மட்டுமே உள்ளே விடப்பட்டது. மிச்சம் அடுத்த மாதத்துக்குத் தள்ளப்பட்டது. இதற்கிடையில் இன்னொரு கடிகாரமும் ஓடியது. இறங்கி 15 நாளுக்குள் நுழைவு ஆவணம் போடாத சரக்கைச் சுங்கம் பொதுக் கிடங்குக்கு மாற்றிவிடும். ஆறு மாதம் தாண்டினால் ஏலத்துக்குப் போகும். அதனால் இறக்குமதியாளர்கள் பாண்டட் கிடங்கில் (வரி கட்டும் வரை சுங்கக் கட்டுப்பாட்டில் சரக்கை வைக்கும் இடம்) வைத்துக் காத்திருந்தார்கள். அந்த வாடகையை நம் பில்லில் கழிக்கக் கேட்டவர்கள் உண்டு. விற்பனை எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும் வரை மட்டும் நம் பொறுப்பு) என்றால், கப்பல் ஏறிய பிறகு வரும் கிடங்கு வாடகை வாங்குபவரைச் சேர்ந்தது. ஆனால் டிசம்பருக்குள் அனுப்புவதாக இருந்த சரக்கை நாம் விசா இல்லாமல் அனுப்பியிருந்தால் அந்த வாதம் நிற்காது. கிளெய்ம் தீராத உறுப்பினர்கள் பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) உள்ள தேதியை முதலில் பார்க்கவும்.

ஆறு டஜனால் நின்ற கண்டெய்னர்

விசா போய்விட்டது, இனி அதை ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். விசாவில் செய்த தவறுகளே இப்போது வேறு காகிதங்களில் வருகின்றன, அதனால் பேச வேண்டியிருக்கிறது.

அமெரிக்க விசா என்பது அசல் இன்வாய்ஸின் முன்பக்கத்தில் நீல மையில் குத்தும் வட்ட முத்திரை. விசா எண்ணுக்கு ஒன்பது இடம்: முதலில் ஏற்றுமதி ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்து நாட்டின் இரண்டெழுத்துக் குறி, பின் ஆறு இலக்க வரிசை எண். 2004 சரக்கென்றால் 4இல் தொடங்க வேண்டும். கூடவே வழங்கிய தேதி, அதிகாரியின் கையெழுத்து, இன எண், அளவு, அளவின் அலகு. இவற்றில் ஒன்று விடுபட்டாலும், அடித்துத் திருத்தினாலும், மை பரவிப் படிக்க முடியாமல் போனாலும் விசா செல்லாது.

அதிகம் நேர்ந்தது அளவுத் தவறு. கணக்கு இப்படி: பெட்டிக்கு 36 பீஸ், 400 பெட்டி, 14,400 பீஸ், அதாவது 1,200 டஜன். விசாவும் 1,200 டஜனுக்கு. ஆர்டரில் ஐந்து சதவீதம் கூடக் குறைய அனுமதி இருக்கிறதே என்று பேக்கிங்கில் மிஞ்சிய இரண்டு பெட்டியையும் ஏற்றிவிட்டால் 1,206 டஜன் ஆகிவிடும். விசாவில் உள்ளதைவிடச் சரக்கு அதிகம் இருந்தால் அந்த ஆறு டஜன் மட்டும் நிற்காது, மொத்தச் சரக்குக்கும் நுழைவு கிடையாது. சரக்கு குறைவாக இருந்தால் பாதகமில்லை, உள்ள அளவுக்கு விடுவார்கள். அதனால்தான் கடைசிப் பெட்டி தைத்து முடியும் வரை விசா விண்ணப்பத்தை எழுதக் கூடாது என்று சங்கம் திரும்பத் திரும்பச் சொன்னது.

தவறை நேராக்க இரண்டு வழிதான்: புதிய விசா, அல்லது நம் அரசு கேட்டு அமெரிக்க வர்த்தகத் துறை தரும் விசா விலக்கு. விலக்கு கிடைத்தாலும் அது முத்திரைக்கு மட்டும்தான். கோட்டாவிலிருந்து விலக்கு ஆகாது.

இன எண்ணில் நடந்த குழப்பங்கள் கோட்டாவோடு முடியவில்லை. பருத்தி 60, பாலியெஸ்டர் 40 என்றால் எடையில் மிகுந்த இழையின்படி பருத்திச் சட்டை. நூலை மாற்றி 40க்கு 60 ஆக்கினால் 638, 639 இனம், அதாவது செயற்கை இழைச் சட்டை. இன்று (2005இல்) கோட்டா இல்லை, ஆனால் வரி இருக்கிறது: பருத்தி டி-சர்ட்டுக்கு 16.5 சதவீதம், செயற்கை இழை டி-சர்ட்டுக்கு 32 சதவீதம். லேபிளில் ஒன்றும் துணியில் ஒன்றும் இருந்தால் அந்த இடைவெளி வாங்குபவர் தலையில் விழும், பிறகு நம் தலையில். குழந்தை ஆடை என்பதும் 86 சென்டிமீட்டர் உயரம் வரையிலான குழந்தைக்குத்தான். அதற்கு மேல் உள்ள சைஸை அந்தத் தலைப்பில் போடக் கூடாது.

ஐரோப்பாவுக்கு அனுப்புவோர் கவனிக்க வேண்டியது ஃபார்ம் ஏ என்ற பிறப்பிடச் சான்று. இதைக் காட்டினால் இப்போது (2005இல்) 12 சதவீத வரி 9.6 சதவீதமாகக் குறைகிறது. வெட்டித் தைத்த பின்னலாடைக்கு நிபந்தனை, நூலிலிருந்து இங்கேயே தயாராகியிருக்க வேண்டும் என்பது. நூலை இறக்குமதி செய்யலாம். சீனாவில் இருந்து துணியாகவே வாங்கி இங்கே தைத்தால் ஃபார்ம் ஏ கிடைக்காது. விலை குறைவென்று துணி எடுக்கும் முன் இந்த 2.4 சதவீதத்தையும் கணக்கில் எடுக்கவும். கோட்டா பிரீமியம் (கோட்டா வாங்கக் கொடுத்த விலை) போய்விட்டதே என்று அதே அளவு விலைக் குறைப்பு கேட்கும் பையர்களிடம் பேசவும் இந்தக் கணக்கு உதவும்.

தைத்த இடத்தின் பெயர்

நம் ஊருக்கு இந்த ஆண்டின் மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்பது செயற்குழுவின் கருத்து. அமெரிக்கா கேட்டுவந்த துணி உறுதிமொழிப் படிவத்தை (சரக்கு எங்கே தயாரானது என்ற உறுதிமொழி) இந்த 2005 அக்டோபர் 5 முதல் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் உற்பத்தியாளர் அடையாளக் குறி சரியாக இருக்க வேண்டும். நாட்டின் இரண்டெழுத்து, கம்பெனிப் பெயரின் முதல் இரண்டு சொற்களில் இருந்து மும்மூன்று எழுத்து, முகவரி எண்ணில் நான்கு இலக்கம் வரை, ஊரின் முதல் மூன்றெழுத்து என்று அது அமையும். 'ஸ்ரீ' என்று தொடங்கும் பெயர்கள் நம் ஊரில் தெருவுக்குப் பத்து. அடுத்த சொல்லும் ஒத்துப்போனால் வேறுபாடு கதவு எண்ணில் மட்டுமே இருக்கும். எல்லாக் காகிதத்திலும் ஒரே முகவரியை ஒரே மாதிரி எழுதுங்கள்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்க விதிப்படி ஆடையின் பிறப்பிடம் அது முழுமையாகத் தைத்து இணைக்கப்பட்ட இடம். எனவே குறியில் வர வேண்டியது தைத்தவரின் பெயர். ஏற்றுமதியாளர் பெயரையோ பையிங் ஏஜென்ட் பெயரையோ போட முடியாது. நம் வழக்கமோ நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், தையல் நான்கு பவர் டேபிளில் (கூலிக்குத் தைக்கும் பட்டறை). எந்தப் பெட்டி எந்த பவர் டேபிளில் தைத்தது என்று பேக்கிங் லிஸ்டில் பிரித்துக் காட்ட முடியாவிட்டால் குறியைச் சரியாக எழுதவே முடியாது.

இந்த நேரத்தில் இது ஏன் கண்டிப்பாகிறது என்பதற்குச் சீனாதான் காரணம். 2005 மே 13 அன்று சீனப் பருத்திப் பின்னல் சட்டை, பருத்திக் கால்சட்டை, உள்ளாடைகளுக்கு அமெரிக்கா மீண்டும் உச்சவரம்பு போட்டது, ஆண்டுக்கு 7.5 சதவீத வளர்ச்சிதான் அனுமதி. ஜூன் 10 அன்று ஷாங்காயில் ஐரோப்பிய ஒன்றியமும் 2007 முடிய பத்து இனங்களுக்கு வரம்பு பேசி முடித்தது. அந்த வரம்பு நிரம்பிப் போய் ஆகஸ்டில் கோடிக்கணக்கான ஆடைகள் ஐரோப்பியத் துறைமுகங்களில் தேங்கின. செப்டம்பர் 5 அன்றுதான் வழி பிறந்தது. இந்த வரம்புகளால் நமக்கு ஆர்டர் வரும், அது நல்லதே. ஆனால் வேறு நாட்டுச் சரக்கு லேபிள் மாற்றி வருகிறதா என்ற சந்தேகப் பார்வையும் சேர்ந்தே வரும். பொய்யான பிறப்பிடம் காட்டியதாக முடிவானால் அந்த வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரை அமெரிக்க அரசு பட்டியலில் வெளியிடும். பிறகு எந்த இறக்குமதியாளரும் அந்தப் பெயரைத் தொடத் தயங்குவார்.

ஆகவே ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு கோப்பு வேண்டும். அதில் நூல் பில், நிட்டிங் மற்றும் சாயப்பட்டறை டெலிவரி சலான், கட்டிங் தாள், பவர் டேபிளுக்குப் போன, திரும்பிய சலான், சம்பளப் பதிவின் நகல், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் ஆகியவை இருக்க வேண்டும். கட்டிங் தாளின் பீஸ் எண்ணிக்கையும் பேக்கிங் லிஸ்டின் எண்ணிக்கையும் கழிவோடு சேர்த்து ஒத்துவர வேண்டும். இறக்குமதியாளர் ஐந்து ஆண்டு ஆவணம் வைத்திருக்கக் கடமைப்பட்டவர், கேட்டால் அவர் நம்மைத்தான் கேட்பார். 2004 விசா நகல்களையும் இதே காலத்துக்குப் பழைய பேப்பருக்குப் போடாமல் வைக்கவும்.

பவர் டேபிள் சலானில் ஸ்டைல் எண், பீஸ் எண்ணிக்கை, தைத்த இடத்தின் முழு முகவரி மூன்றும் கட்டாயம் என்ற மாதிரிப் படிவம் இன்று உங்கள் இருக்கையில் வைக்கப்பட்டுள்ளது. அதை எல்லா உறுப்பினர்களும் வரும் ஜனவரி முதல் பயன்படுத்தத் தீர்மானம் நிறைவேற்றித் தருமாறு செயற்குழு வேண்டுகிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

செயலாளர்