ஹிரோஹிட்டோவின் உரையைப் பாடமாக்கும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஜப்பானின் சரணடைவை நடத்தும்போது, 1945 ஆகஸ்ட் 15 நண்பகலில் ஒலிபரப்பான பேரரசர் ஹிரோஹிட்டோவின் வானொலி உரையையே பாடமாக வைக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். நல்ல தேர்வு. ஆனால் 'குண்டு விழுந்தது, பேரரசர் பேசினார், போர் முடிந்தது' என்று மூன்று வரியில் அடங்கிவிடும் கதையின் முடிவுரையாக அதை ஆக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

முதலில் விளக்கம் எதுவும் சொல்லாமல் ஒலிப்பதிவைக் கேட்கவிடுங்கள்; நாலரை நிமிடம்தான். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது என்று தயங்க வேண்டாம். பேரரசரின் குரலை முதன்முறையாகக் கேட்ட ஜப்பானியக் குடிமக்களிலும் பலருக்கு, அரசவைக்குரிய பழைய நடையாலும் தெளிவற்ற ஒலியாலும், அவர் என்ன சொன்னார் என்பது விளங்கவில்லை. அறிவிப்பாளர் அதே உரையை மீண்டும் வாசித்து விளக்க வேண்டியிருந்தது. அதன்பின் தமிழாக்கத்தைக் கொடுத்து, தோல்வியை ஒப்புக்கொள்ளும் வரி எது என்று தேடச் சொல்லுங்கள். நான்கு நாடுகளின் கூட்டறிக்கையை, அதாவது ஜப்பான் சரணடைய வேண்டும் என்று கோரி ஜூலை 26 அன்று வெளியான போட்ஸ்டாம் அறிக்கையை, ஏற்பதாகச் செய்தி இருக்கும். போர் நிலவரம் ஜப்பானுக்குச் சாதகமாகவே அமைந்துவிடவில்லை என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். சரணடைகிறோம் என்று மட்டும் எங்கும் இராது. தேர்தலில் தோற்ற கட்சிகளின் அறிக்கைகளைப் படித்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்த நடை அந்நியமாகத் தோன்றாது.

ஆகஸ்ட் 14 இரவு அரண்மனை வளாகத்தில் உரை இருமுறை பதிவானதையும், மேஜர் ஹட்டனாக்கா முதலிய இளம் அதிகாரிகள் காவற்படைத் தளபதி மோரியைக் கொன்றுவிட்டு, ஒலிபரப்பைத் தடுப்பதற்காக அந்த இசைத்தட்டுகளைத் தேடி அலைந்ததையும், அரண்மனை அலுவலர் டோக்குகாவா அவற்றை ஒளித்துவைத்ததையும் மாணவர்கள் விரும்பிக் கேட்பார்கள். பாடவேளை முழுவதையும் அந்தக் கதை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேரரசர் முடிவெடுத்த பிறகும் அதை ஏற்க மறுத்தவர்கள் இராணுவத்திற்குள் இருந்தார்கள் என்பது பதிந்தால் போதும்.

ஏனென்றால் அடுத்துச் செய்ய வேண்டியதற்கு அதுவே அடிப்படை. ஆகஸ்ட் 17 அன்று படைவீரர்களுக்கென்று பேரரசர் தனியாக ஓர் ஆணை வெளியிட்டார். அதையும் வானொலி உரையையும் அருகருகே வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். மக்களுக்கான உரையில் எதிரியின் கொடிய புதுவகைக் குண்டு, அதாவது அணுகுண்டு, காரணமாகச் சொல்லப்படுகிறது. சோவியத் ஒன்றியம் போரில் இறங்கியதைப் பற்றிப் பேச்சில்லை. படைவீரர்களுக்கான ஆணையிலோ சோவியத் நுழைவு சொல்லப்படுகிறது. குண்டைப் பற்றிப் பேச்சில்லை. இரண்டு நாள் இடைவெளியில் ஒரே மனிதர் ஒரே முடிவுக்கு இருவேறு காரணங்களை ஏன் சொன்னார் என்ற கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடாமல், யாரைப் பார்த்துச் சொன்னார் என்று மட்டும் எடுத்துக்கொடுங்கள். ஜப்பான் எதனால் பணிந்தது என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுவதன் ஒரு பகுதி அந்த இரண்டு தாள்களிலேயே கிடக்கிறது.

இன்னொரு வரியையும் தவறவிடாதீர்கள். கிழக்காசியாவின் விடுதலைக்காகத் தம்மோடு ஒத்துழைத்த நாடுகளுக்கு வருத்தம் தெரிவிப்பதாக உரை கூறுகிறது. ஜப்பானின் ஆக்கிரமிப்பில் இருந்த அந்த 'விடுதலை'யின் காலத்தில்தான் மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, காலராவிலும் பசியிலும் பெருந்தொகையாக மாண்டார்கள். மலேயாவுக்குப் போன உறவினரைப் பற்றி வீட்டில் கேள்விப்பட்ட பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருக்கக்கூடும். இந்த வரியை அவர்களில் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

அந்த நண்பகலோடு சண்டை ஓய்ந்துவிட்டதா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். டோக்கியோ விரிகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பலான மிசௌரியில் சரணடைவு ஆவணம் கையெழுத்தானது செப்டம்பர் 2. சிங்கப்பூரில் சரணடைவு நடந்தது செப்டம்பர் 12. போர் முடிந்ததையே நம்ப மறுத்த ஒனோடா என்ற ஜப்பானிய இராணுவ அதிகாரி பிலிப்பைன்ஸ் காட்டிலிருந்து 1974இல்தான் வெளியே வந்தார்.

இவ்வளவும் ஒரு பாடவேளைக்குள் அடங்காது. அடுத்தடுத்து இரண்டு வேளைகள் கிடைக்குமா என்று தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர் ஒருவர்