மாத்திரைக்கும் டீக்கும் நடுவே

கோத்தகிரி

அன்புள்ள கவிதாவுக்கு,

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எல்லாம் பார்த்தேன். ஆபீஸ் அலுப்போடு அலுப்பாகத் தின்றது குடித்தது அத்தனையும் ஆப்பில் போட்டு வைக்கிறாயே, சந்தோஷம். மாத்திரை நேரத்துக்கு மணி அடிப்பது அதைவிட நல்லது. இங்கே சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு போய் டப்பாவிலேயே வைத்திருக்கும் மாசமான பெண்களைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

ஆனால் கண்ணு, எல்லாம் சரி என்று ஆப் காட்டும் அந்தப் பச்சைக் கோடு கலோரிக்கு மட்டும்தான். உனக்குக் குறைவது ரத்தம். மாசமாக இருப்பவளுக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே வந்தாலே ரத்தசோகைதான், உனக்கு 10.2. உன் பட்டியலில் எட்டு மணிக்கு மாத்திரை, எட்டேகாலுக்கு இட்லியோடு டீ. ஆப் அந்த டீயில் சர்க்கரையை மட்டும் கணக்குப் பார்த்திருக்கிறது. டீயில் இருக்கும் துவர்ப்பு இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. தேயிலைக் காட்டில் வளர்ந்தவளை டீயே குடிக்காதே என்று சொல்ல எனக்கு மனசு வராது. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடி. மாத்திரையோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாத்துண்டோ சாப்பிட்டால் சத்து நன்றாகச் சேரும். கால்சியம் மாத்திரை வேறு வேளைக்கு. மலம் கருப்பாகப் போனால் பயப்படாதே, மாத்திரையால்தான்.

2021-ல் பிள்ளைகளின் எடை, உயரமெல்லாம் பதியும் போஷன் டிராக்கர் என்ற அரசு ஆப் வந்ததிலிருந்து அங்கன்வாடியில் நானும் போனும் கையுமாகத்தான் இருக்கிறேன். இந்தக் குளிரில் பிள்ளைகள் ஸ்வெட்டர், குல்லா, காலுறை என்று மூட்டையாக வருகிறார்கள். அத்தனையும் கழற்றிய பிறகுதான் எடைத் தராசில் நிறுத்துவேன். அம்மாக்கள் முணுமுணுப்பார்கள். அப்படியே நிறுத்தினால் கம்பளியின் எடையும் பிள்ளைக் கணக்கில் ஏறிவிடும். மெலிந்த பிள்ளையை நல்ல எடை என்று போன் காட்டும். நாம் போடுவதைத்தானே அது வைத்துக்கொள்ளும்? அதனால்தான் சொல்கிறேன், பாதியில் வைத்த சாப்பாட்டை முழுத்தட்டு என்று போடாதே.

ரத்தம் பட்டாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, முகம் வீங்கினாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ ஆப்பில் கேட்டுக்கொண்டு உட்காராதே. உடனே 108, பிறகு எனக்கு. மாப்பிள்ளையிடமும் சொல்லி வை.

அடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அன்றைக்கே அனுப்பு. பிரசவத்துக்கு வரும்போது ஆர்.சி.எச். எண், அதான் கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த எண், உள்ள அட்டையை மறக்காமல் எடுத்து வா. பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள்.

அன்புடன்,
அம்மா