சேகர், கேமரா வாங்குவதற்கு முன்னால் இதைப் படி

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? நீ காமிக்ஸுக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் படம் எடுக்கக் கிளம்பிவிட்டாய் என்று வாசு சொன்னான். வாங்கிய கடனைத் தவிர மற்ற எல்லாம் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. முதலில் சிரிப்புதான் வந்தது. நாடகத்தில் திரையை இழுக்கச் சொன்னால் தூங்கிப்போனவன்டா நீ.

அன்று ராத்திரியே ‘பெர்செபொலிஸ்’ படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மர்ஜான் சத்ரபி ஈரானில் வளர்ந்தது, பிரான்ஸுக்குப் போய் 2000 முதல் 2003 வரை தன் கதையை நான்கு பாகங்களாக வரைந்தது, 2007இல் அதையே அனிமேஷன் படமாக்கி கான் திரைப்பட விழாவில் ஜூரி பரிசு வாங்கியது எல்லாம் நீ எனக்கு எடுத்த பாடம்தான். ஆனால் அவர் தனியாக எடுக்கவில்லை என்பதை வசதியாக விட்டுவிட்டாய். வின்சென்ட் பரோனோ என்ற இன்னொரு காமிக்ஸ்காரர் கூடவே இருந்து எழுதி இயக்கினார். சத்ரபி காட்சிகளைத் தானே நடித்துக் காட்ட, அதைப் பார்த்து அனிமேட்டர்கள் வரைந்தார்கள். நீ நடித்துக் காட்டினால்... சரி, வேண்டாம்.

உன் தயாரிப்பாளர் நடிகர்களை வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்கிறாராமே. நிஜ மனிதர்களைக் காட்டினால் எங்கேயோ யாருக்கோ நடந்த கதை என்று ஜனங்கள் தள்ளிவைத்துவிடுவார்கள், கோட்டில் வரைந்த முகம் என்றால் அது யாராகவும் இருக்கலாம் என்பது சத்ரபியின் கட்சி. ‘பெர்செபொலிஸ்’ கதையில் சத்ரபியின் பாட்டி உடை மாற்றும்போது உள்ளாடைக்குள் வைத்திருந்த மல்லிகைப் பூக்கள் உதிருமே, புத்தகத்தில் அது அசையாத கட்டம், பூக்களை நம் கண்தான் விழவைக்க வேண்டும். படத்தில் அவை மிதந்து மிதந்து இறங்குகின்றன, ஆனால் கோடு அதே கோடு. நடிகையை வைத்து எடுத்திருந்தால் ஒரு கிழவி துணி மாற்றுகிறாள், அவ்வளவுதான்.

2011இல் ‘சிக்கன் வித் பிளம்ஸ்’ படத்தை அவரே நடிகர்களை வைத்து எடுத்தாரே என்று மடக்குவாய். எடுத்தார். அது முதல் படமில்லை. 2014இல் வந்த ‘தி வாய்சஸ்’ வேறொருவர் எழுதிய திரைக்கதை. நாயும் பூனையும் பேசும், நன்றாகவே சிரித்தேன், ஆனால் அதில் நான் தேடிய ஆள் இல்லை. என் கவலையும் இதுதான். 2004க்குப் பிறகு காமிக்ஸ் என்று அவர் கைவைத்தது 2023இல், அதுவும் பலர் சேர்ந்து செய்த தொகுப்பு. இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு நாள் நான் காத்திருக்க மாட்டேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது உன் கதைகளைத்தான் வாசித்துக் காட்டினேன். கண் தெரியாததால் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன வரைந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இதை உன்னிடம் சொன்னதில்லை.

படம் எடு, தடுக்கவில்லை. ஆனால் போன இதழில் சரசுவைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு ‘தொடரும்’ போட்டாயே, முதலில் அவளை மேலே ஏற்று. அப்புறம், ஸ்கிரிப்டை வாசுவிடம் காட்டாதே, எனக்கு அனுப்பு.

உன்,
குமார்