உங்கள் இன்சூரன்ஸ் கார்டு எந்த அரசுக்குக் கட்டுப்பட்டது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நியூ ஜெர்சியில் மளிகைக் கடை, உணவகம், கன்சல்டிங் கம்பெனி என்று சிறு தொழில் நடத்தும் நம் வாடிக்கையாளர்கள் பலர் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியோடு எங்களை அழைக்கிறார்கள். "லெவல் ஃபண்டட் பிளான் என்று ஒருத்தர் வந்து விலை சொல்லிவிட்டுப் போனார். இப்போது கட்டுவதைவிட நன்றாகவே குறைகிறது. மாறிவிடலாமா?"

ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. லெவல் ஃபண்டட் என்பது, மாதாமாதம் ஒரே தொகை கட்டினாலும், ஊழியர்களின் மருத்துவச் செலவுக்குக் கடையே பொறுப்பேற்கும் திட்டம். விலை குறைவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தத் திட்டத்துக்குள் நுழைந்ததும் மாநிலத் தலைநகர் டிரென்டனில் இயற்றிய சட்டங்களில் பெரும்பாலானவை உங்களைத் தொடாது. வாஷிங்டன் சட்டம் மட்டுமே மிஞ்சும். உங்களை நம்பி வேலை செய்பவர்களுக்கு அதனால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். அதற்குத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

நம் வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு. அதனால் இன்சுலினை வைத்தே சொல்கிறோம். ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபது வயது அப்பா, முதியோருக்கான மத்திய அரசுக் காப்பீடான மெடிகேரில் இருக்கிறார். தம்பி எடிசனில் கடை வைத்திருக்கிறார். கடைக்கு எடுத்த சிறு குழுக் காப்பீடுதான் அவருக்கும். அண்ணன் ஒரு பெரிய கம்பெனியில் மேனேஜர்; ஊழியர்களின் மருத்துவச் செலவை அந்தக் கம்பெனி தன் சொந்தப் பணத்திலிருந்தே கொடுக்கிறது. மூவருக்கும் இன்சுலின் ஊசி. அப்பாவுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் ஆகாது. அது 2022-இல் வாஷிங்டன் போட்ட சட்டம். 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தம்பிக்கும் 35 டாலர்தான். அது நியூ ஜெர்சி போட்ட சட்டம். 2025 முதல் நடப்பில் இருக்கிறது. அண்ணனுக்கோ இந்த இரண்டு சட்டமும் இல்லை. அவர் கம்பெனி என்ன முடிவு செய்திருக்கிறதோ அதுதான். டிடக்டிபிள் (காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் நாமே கட்டவேண்டிய தொகை) தீரும்வரை முழு விலையையும் கட்டச் சொல்லும் திட்டமாக இருந்தால் கட்டித்தான் ஆகவேண்டும். மூவரில் அதிகம் சம்பாதிப்பவர் அவர். சட்டப் பாதுகாப்பு குறைவாக இருப்பதும் அவருக்கே.

இது எப்படி வந்தது என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் இன்சூரன்ஸ் என்பது நெடுங்காலமாக மாநிலங்களின் கையில் இருந்த விஷயம். 1869-இல் உச்ச நீதிமன்றம் இன்சூரன்ஸ் மாநிலங்களுக்கு இடையிலான வணிகமே ஆகாது என்று தீர்ப்பளித்தது. 1944-இல் அதே நீதிமன்றம் நிலைப்பாட்டை மாற்றி, அதுவும் வணிகம்தான், மத்திய அரசு கை வைக்கலாம் என்றது. மாநிலங்கள் பதறிப்போயின. அடுத்த ஆண்டே, 1945-இல், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மெக்காரன் ஃபெர்குசன் சட்டத்தைக் கொண்டுவந்து இன்சூரன்ஸைக் கண்காணிக்கும் பொறுப்பு மாநிலங்களுக்கே என்று திருப்பிக் கொடுத்தது. நம் மாநிலத்தில் வங்கி, காப்பீட்டுத் துறை விலையையும் விதிகளையும் பார்ப்பது அந்த ஏற்பாட்டின்படிதான்.

அந்த ஏற்பாட்டில் பெரிய ஓட்டை விழுந்தது 1974-இல். இண்டியானாவில் ஸ்டூட்பேக்கர் கார் தொழிற்சாலை 1963-இல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பென்ஷனைப் பறிகொடுத்தார்கள். அப்படி இனி நடக்கக் கூடாது என்று பத்தாண்டு பேசிப் போட்ட சட்டம்தான் எரிசா. ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்ட் அதில் கையெழுத்திட்டார். பென்ஷனைக் காக்க வந்த அந்தச் சட்டம், கம்பெனிகள் ஊழியர்களுக்குத் தரும் மருத்துவத் திட்டங்களையும் தன் குடையின் கீழ் இழுத்துக்கொண்டது. கம்பெனி ஒரு இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து பாலிசி வாங்கினால் மாநிலச் சட்டம் அந்த நிறுவனத்தின் வழியாக உள்ளே வரும். கம்பெனி தன் சொந்தப் பணத்தையே வைத்து மருத்துவச் செலவைக் கொடுத்தால் அது இன்சூரன்ஸே ஆகாது, மாநிலம் தலையிட முடியாது. இதைத்தான் செல்ஃப் ஃபண்டட் என்கிறார்கள். இன்று கம்பெனி வழியாக மருத்துவக் காப்பீடு பெறும் ஊழியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த வகையில்தான் இருக்கிறார்கள். ஐ.டி. துறையில் இருக்கும் நம்மவர்கள் பலரும் இதில் அடக்கம்.

கார்டை மட்டும் பார்த்தால் வித்தியாசம் எளிதில் தெரியாது. முன்பக்கம் பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியின் சின்னம்தான் இருக்கும். அந்தக் கம்பெனி பில்லைச் சரிபார்த்து அனுப்பும் வேலையை மட்டும் செய்யும். பணம் உங்கள் முதலாளியுடையது. எச்.ஆரிடம் திட்ட விளக்கப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில், திட்ட நிர்வாகியின் முகவரி இருக்கும் பகுதியில், "பலன்கள் நிறுவனத்தின் பொது நிதியிலிருந்து வழங்கப்படுகின்றன" என்ற பொருளில் ஒரு வரி சின்ன எழுத்தில் இருக்கும். இருந்தால் உங்கள் திட்டம் செல்ஃப் ஃபண்டட். புகார் சொல்ல டிரென்டனுக்குப் போகக் கூடாது. மத்தியத் தொழிலாளர் துறைக்குப் போகவேண்டும். இது தெரியாமல் மாதக்கணக்கில் தவறான இடத்துக்கு எழுதிக்கொண்டிருந்து, அப்பீல் செய்யும் கெடுவைத் தவறவிட்டவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். பார்க்க வேதனையாக இருக்கும்.

நியூ ஜெர்சி தன் அதிகாரத்தை வைத்து என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். ஒபாமாகேர் என்ற 2010-ஆம் ஆண்டு மத்தியக் காப்பீட்டுச் சட்டம் வருவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே, 1992-இல், நோய் இருக்கிறது என்பதற்காகத் தனிநபருக்குக் காப்பீட்டை மறுக்கக் கூடாது, அதிக விலையும் வைக்கக் கூடாது என்று நம் மாநிலம் சட்டம் போட்டது. ஆனால் எல்லோரும் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்று அப்போது சொல்லவில்லை. உடம்பு சரியில்லாதவர்கள் சேர்ந்தார்கள், ஆரோக்கியமானவர்கள் விலகினார்கள், பிரீமியம் ஏறிக்கொண்டே போனது. 2006-இல் மாசசூசெட்ஸ் அந்தக் குறை வராதபடி, கட்டாயத்தையும் மானியத்தையும் சேர்த்துச் சட்டம் செய்தது. 2010-இல் வாஷிங்டன் எடுத்துக்கொண்ட மாதிரி அதுதான். 2017-இல் காங்கிரஸ் கட்டாயத்துக்கான அபராதத்தைப் பூஜ்யமாக்கியது. 2019-இலிருந்து மத்திய அபராதம் கிடையாது. பழைய பாடம் மறக்காத நம் மாநிலம் 2018-லேயே சொந்தமாகக் கட்டாயச் சட்டம் போட்டுவிட்டது. "ஒபாமாகேர் அபராதம்தான் போய்விட்டதே" என்று இன்னும் சொல்பவர்கள் கவனியுங்கள்: காப்பீடு இல்லாமல் இருந்தால், விலக்குக்குத் தகுதி இல்லாத பட்சத்தில், நியூ ஜெர்சி வருமான வரிப் படிவத்தில் இன்றும் தொகை கட்டவேண்டும். அந்தப் பணம், பெரிய மருத்துவச் செலவுகளின் ஒரு பகுதியை மாநிலமே ஏற்று எல்லோருடைய பிரீமியத்தையும் குறைக்கும் ஏற்பாட்டுக்குப் போகிறது. அந்த ஏற்பாட்டுக்கு வாஷிங்டன் அனுமதி தந்து, தன் பங்குக்குப் பணமும் தருகிறது. இரண்டு அரசும் சேர்ந்து இழுத்தால் தேர் நகரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

பிள்ளைகள் விஷயமும் அப்படியே. 26 வயது வரை பெற்றோர் திட்டத்தில் இருக்கலாம் என்பது மத்தியச் சட்டம். பிள்ளைகளைச் சேர்க்கும் திட்டங்கள், செல்ஃப் ஃபண்டட் உட்பட, எல்லாவற்றுக்கும் பொருந்தும். மணமாகாத, குழந்தை இல்லாத, நியூ ஜெர்சியில் இருக்கும் பிள்ளை தனியாகப் பிரீமியம் கட்டி 31 வயது ஆகும்வரை தொடரலாம் என்பது மாநிலச் சட்டம்; செல்ஃப் ஃபண்டட் திட்டத்தை அது கட்டுப்படுத்தாது. மாஸ்டர்ஸ் முடித்து வேலை தேடும் மகனுக்காக ஓடி வரும் பெற்றோரிடம் நாங்கள் முதலில் கேட்பது, உங்கள் திட்டம் எந்த வகை என்பதுதான்.

இனி லெவல் ஃபண்டட் பற்றி. மாதாமாதம் ஒரே தொகை கட்டுவதால் அது இன்சூரன்ஸ் போலவே தெரியும். உண்மையில் அது செல்ஃப் ஃபண்டட் திட்டம். உங்கள் சிறு கடைதான் காப்பீடு தருபவர். செலவு எல்லை மீறினால் ஈடுகட்ட ஸ்டாப் லாஸ் என்ற தனி பாலிசி இருக்கும். சாதாரண சிறு குழுத் திட்டத்தில் வயது, ஊர் போன்றவற்றைப் பார்த்து மட்டுமே விலை வைக்கலாம். யாருக்கு என்ன நோய் என்று கேட்கவே கூடாது. லெவல் ஃபண்டட் விற்பவர் ஆரோக்கியக் கேள்வித்தாளை நீட்டுவார். உங்கள் ஆட்கள் இளைஞர்கள், நோய் இல்லாதவர்கள் என்றால் விலை குறையும். குறைவது நிஜம்தான், அதை மறைக்க மாட்டோம். சமையல்காரர் ஒருவருக்கு அடுத்த வருடம் புற்றுநோய் வந்துவிட்டால்? மத்தியச் சட்டம் அவரை மட்டும் தனியே பிரித்து அதிகம் கட்டச் சொல்ல விடாது. ஆனால் புதுப்பிக்கும்போது மொத்தக் கடைக்கும் விலை எகிறும். அப்போது நீங்கள் மாநிலத்தின் சிறு குழுச் சந்தைக்குத் திரும்பலாம். கதவு திறந்தே இருக்கும். எல்லோரும் இப்படியே செய்தால் அந்தச் சந்தையில் நோயாளிகள் மட்டுமே மிஞ்சுவார்கள். 1992-க்குப் பிறகு நடந்ததை மறுபடி பார்க்க நேரும். இத்தனை கடைகளின் கணக்கைக் கையாளும் எங்களுக்கு அது கவலை தருகிறது.

இரண்டு வகைத் திட்டங்களையும் விற்க எங்களுக்கு உரிமம் உண்டு. இரண்டிலும் கமிஷன் வரும். பத்துக்கும் குறைவான ஆட்கள் உள்ள கடைகளுக்கு லெவல் ஃபண்டட் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அவ்வளவு சிறிய குழுவில் ஒருவருடைய நோயே மொத்தக் கணக்கையும் கவிழ்த்துவிடும்.

வேலையை விட்டவர் காப்பீட்டைத் தொடர்வது பற்றியும் ஒரு வார்த்தை. மத்தியச் சட்டமான கோப்ரா 20 பேருக்குக் குறைவான கடைகளுக்குப் பொருந்தாது. "எங்களுக்குக் கோப்ரா இல்லை" என்று சொல்லி ஊழியரை அனுப்பிவிடாதீர்கள். நியூ ஜெர்சியின் சிறு குழுத் திட்டங்களுக்கு மாநிலத்தின் தொடர்ச்சிச் சட்டம் உண்டு. அதை அவருக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை.

டெக்சஸுக்குக் குடிபெயரும் குடும்பங்கள் நிறைய. அங்கே மாநில அபராதம் இல்லை; மாநிலத்தின் சொந்த மானியமும் இல்லை; தனிநபர்கள் காப்பீடு வாங்கும் சந்தையை மத்திய அரசே நடத்துகிறது. வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டை மேலும் பல வயதுவந்தவர்களுக்கு விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நியூ ஜெர்சி 2014-இல் விரிவாக்கியது, டெக்சஸ் விரிவாக்கவில்லை. இங்கே வேலை போனால் நியூ ஜெர்சியின் மெடிகெய்டான ஃபேமிலிகேர் தாங்கிப்பிடிக்கும். டல்லாஸில் அதே நிலையில் இருக்கும் குடும்பத்தில் அப்பா அம்மாவுக்கு ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். வீட்டு விலையை ஒப்பிடும்போது இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எது நல்லது, மாநிலமா வாஷிங்டனா என்று எங்களிடம் கேட்பவர்கள் உண்டு. அடிப்படைப் பாதுகாப்பை வாஷிங்டன்தான் தரவேண்டும். எந்த மாநிலத்தில் குடியேறினாலும் அது நம் கூடவே வரவேண்டும். அதற்கு மேல் எவ்வளவு உயரக் கட்டவும் மாநிலத்துக்கு உரிமை வேண்டும். 2018-இல் நம் மாநிலம் எதிர்பாராத மருத்துவ பில்லுக்கு எதிராகச் சட்டம் போட்டபோது, செல்ஃப் ஃபண்டட் திட்டங்களில் இருந்த லட்சக்கணக்கானோர் வெளியே நின்றார்கள். 2020 இறுதியில் காங்கிரஸ் தேசம் முழுமைக்கும் சட்டம் போட்டு 2022 ஜனவரியில் அமல்படுத்திய பிறகுதான் அவர்களுக்கு விடிந்தது. இன்சுலினிலும் காங்கிரஸ் அதைச் செய்யவேண்டும். இங்கே வாக்குரிமை உள்ளவர்கள் உங்கள் பிரதிநிதியின் அலுவலகத்தை அழைத்து இதைக் கேளுங்கள் என்று மனதார வேண்டுகிறோம்.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. 2025-இல் நிறைவேறிய மத்தியச் சட்டப்படி, 2027 ஜனவரி முதல் எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்குச் சந்தைத் திட்டங்களுக்கான மத்திய மானியம் கிடைக்காது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு, வருமானம் போன்ற மற்ற தகுதிகள் இருந்தால், அது தொடரும். கிரீன் கார்டில் வந்து ஐந்து வருடம் நிறையாத, மெடிகேருக்குள் நுழைய முடியாத பெற்றோருக்குச் சந்தைத் திட்டம்தான் இப்போதும் நல்ல வழி. பெருந்தொற்றுக் காலத்தில் உயர்த்திய கூடுதல் மானியமோ நீட்டிப்பு இல்லாமல் 2025 முடிவோடு காலாவதியாகிவிட்டது. பழைய பிரீமியத்தை மனதில் வைத்துப் பட்ஜெட் போடாதீர்கள்.

கடைசியாகத் தேதி. இதுவரை நியூ ஜெர்சியில், சந்தைத் திட்டங்களில் சேரும் காலமான ஓப்பன் என்ரோல்மென்ட் நவம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை நடந்தது. 2027-ஆம் ஆண்டுத் திட்டங்களிலிருந்து எந்த மாநிலமும் டிசம்பர் 31-ஐத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. பொங்கல் விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் இனி தீபாவளி முடிந்த கையோடு வந்துவிடுங்கள். வரும்போது கார்டின் இரண்டு பக்க நகல், திட்ட விளக்கப் புத்தகம், போன வருட வரிப் படிவம், குடும்பத்தில் ஒவ்வொருவரும் சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். லெவல் ஃபண்டட் விலைப்பட்டியல் யாராவது கொடுத்திருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை எங்களுக்கு அனுப்புங்கள். ஸ்டாப் லாஸ் எந்தத் தொகையில் தொடங்குகிறது, பாதியில் விலகினால் நிலுவை பில்களை யார் கட்டுவது என்ற இரண்டையும் படித்துச் சொல்கிறோம். எங்களிடம் பாலிசி எடுக்காவிட்டாலும் இதற்குக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
உங்கள் காப்பீட்டு முகவர் அலுவலகத்தார்
மத்திய நியூ ஜெர்சி