சாரணர் படைக்குப் பெரியவர்களும் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாரணர் இயக்கம் என்றாலே பள்ளி ஆசிரியர்கள் பாடு என்று நாமெல்லாம் ஒதுங்கிக்கொள்கிறோம், ஆனால் பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் பள்ளியைச் சாராத திறந்த குழுக்களும் உண்டு, பயிற்சி பெற்றால் வங்கி ஊழியரோ மெக்கானிக்கோ கூட அதில் தலைவராகலாம். சம்பளம் கிடையாது. அடிப்படைப் பயிற்சி, அப்புறம் உயர்நிலைப் பயிற்சி, அதையும் தாண்டினால் 'ஹிமாலயா உட் பேட்ஜ்' எனப்படும் இமய வனக்கலைப் பயிற்சி. அதை முடித்தவர் கழுத்தில் தோல்வாரில் கோத்த இரண்டு மரமணிகள் தொங்கும். 1919இல் இங்கிலாந்தின் கில்வெல் பூங்காவில் சாரணர் இயக்க நிறுவனர் பேடன் பவல் தொடங்கி வைத்த வழக்கம் அது.

முகாமில் பெரியவர்களையும் சிறு அணிகளாகப் பிரித்து, கூடாரம் அடிக்க, விறகு மூட்டிச் சமைக்க விடுவார்கள். முடிச்சை நாமே போட்டுக் கொடுப்பது பெரிய விஷயமில்லை, பன்னிரண்டு வயது அணித்தலைவன் தன் அணிக்குச் சொல்லிக்கொடுக்கும்போது கயிற்றைப் பிடுங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோமே, அதற்குத்தான் நிஜமாகவே பயிற்சி வேண்டும். குழந்தைகள் பாதுகாப்பும் இதில் அடக்கம், ஆர்வம் மட்டும் இருந்தால் போதாது.

மாவட்டப் பயிற்சி முகாம் தேதிகளை உங்கள் நாளிதழ் முன்கூட்டியே வெளியிட்டால் விடுப்பு எடுத்து வரப் பலர் தயாராக இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை