சாவிக்கொத்தைக் கொடுக்கும் முன்

சுங்கை சிப்புட்

அன்பு மகனுக்கு,

ஸ்தோத்திரம். மாற்றல் கடிதம் வந்துவிட்டது என்று நீ போனில் சொன்னபோது அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தாள். ஜனவரி முதல் தேதி புதுச் சபையில் இருக்க வேண்டுமானால் உன் கையில் இருப்பது பத்து வாரம். அழுவதற்கு அது தாராளம். ஒப்படைப்பதற்குக் கொஞ்சம் இறுக்கம்தான். கோவில் படியேறினால் நீ எனக்கும் ஃபாதர். இந்தக் கடிதத்தில் மட்டும் கோவில் நிர்வாகம் பார்க்கிற வார்டன் வேலை தெரிந்த அப்பன் பேசுகிறேன், கேட்டுக்கொள்.

முதலில் அறிவிப்பு. பேராயரின் கடிதம் வந்ததை இரண்டு வார்டன்களுக்கும் இன்றைக்கே சொல்லிவிடு. இந்த வாரமே சபையின் நிர்வாகக் குழுவான சபைச் சங்கத்தைக் கூட்டு. அடுத்து வரும் ஞாயிறே சபைக்கு. இதில் எங்கே தவறு நடக்குமென்றால், பட்டணத்துக் கோவிலில் காலை எட்டு மணிக்குச் சொல்லிவிட்டு, ரப்பர்த் தோட்டத்து ஜெபக்கூடத்தில் சாயங்காலம் சொல்லலாம் என்று விடுவதில். பத்து மணிக்குள் வாட்ஸ்அப்பில் தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கப் பரவிவிடும். "எங்களுக்கு மட்டும் கடைசியில்தான் தெரியும்" என்ற பழைய மனத்தாங்கலுக்கு நீயே உரம் போட்டதாகிவிடும். அரைப்பக்கக் கடிதம் ஒன்று எழுதி, அதே காலையில் அதே நேரத்தில் அங்கே உபதேசியார் வாசிக்கட்டும். காரணம் எதையும் எழுதாதே. பேராயர் அனுப்புகிறார், போகிறேன், அவ்வளவுதான். ஒரு காரணம் சொன்னால் அதற்குப் பின்னால் இன்னொரு காரணத்தைத் தேடுவார்கள்; யார் பெட்டிஷன் போட்டது என்று பேச்சு கிளம்பும்.

வீடுகளுக்குப் போவதை வீடு வீடாகப் பாடிப் போகும் டிசம்பர் கீத பவனியோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. நாற்பது பேர் கிட்டாரும் மேளமுமாக நிற்கும்போது யாரும் மனசில் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு மூன்று வீடு, எட்டு வாரத்தில் எழுபத்திரண்டு வீடு. மாலை நாலிலிருந்து ஆறரைக்குள் போ. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன் எழுந்தவர்கள், மதியம் படுத்திருப்பார்கள். உன்னோடு முறைத்துக்கொண்டவர்கள் வீட்டுக்கு முதல் வாரமே போய்விடு. உன்னைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் கடைசி வாரம்வரை காத்திருப்பார்கள். மற்றவர்களை டிசம்பருக்குத் தள்ளினால், போகும்போது சும்மா ஒப்புக்கு வந்தான் என்றுதான் தோன்றும். மூன்று வீட்டிலும் மைலோ கலக்குவார்கள். பாதி கப் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடு.

நடமாட முடியாதவர்களுக்கு வீட்டில் நற்கருணை கொடுக்கிறாயே, அந்தப் பட்டியல் உன் தலைக்குள்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைத் தாளில் இறக்கு. ஆளுக்கு ஒரு பக்கம். பேர், வீட்டு எண் மட்டும் எழுதினால் வருகிறவர் கதவுக்கு வெளியே நிற்பார். பிள்ளைகள் கிரில்லைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள். சாவி எந்தப் பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று எழுது. எந்தக் காதில் பேசினால் கேட்கும் என்று எழுது. பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு முழு அப்பத்தைக் கொடுத்தால் புரையேறும். கால் துண்டைத் திராட்சரசத்தில் ஊறவைத்து, நிமிர்த்தி உட்கார வைத்து, சின்னக் கரண்டியில் கொடுக்க வேண்டும். யாருக்கு அப்படி, யாருக்கு ரசமே ஆகாது, யாருக்குத் தமிழ் ஆராதனைப் புத்தகத்தின் பழைய வார்த்தைகள்தான் வாய்க்கு வரும், எல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். முடிந்தால் கடைசி மாதம் வார்டன் ஒருவரையோ உபதேசியாரையோ கூடவே கூட்டிப் போ. உனக்கும் புது ஃபாதருக்கும் நடுவில் சில வாரம் குருவானவர் இல்லாமல் போகலாம். உபதேசியார் குருப்பட்டம் பெறாதவர், காலை ஜெபம் நடத்துவார், நற்கருணையைப் பிரதிஷ்டை செய்ய முடியாது. பக்கத்துச் சபைக் குருவானவர்தான் வர வேண்டும். அவருக்கு வழி காட்ட ஒரு ஆளாவது தெரிந்திருக்க வேண்டும்.

கல்யாணங்களைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 1982 மார்ச் 1 முதல் நம் மலேசியாவில் முஸ்லிம் அல்லாதார் கல்யாணமெல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்தது உனக்குத் தெரியும். கோவிலிலேயே பதிவு செய்து வைக்கிறாய் என்றால், அது துணைப் பதிவாளர் நியமனம் உன் பேரில் இருப்பதால். கோவில் பேரில் அது இல்லை. நீ கிளம்பினால் அதுவும் கிளம்பிவிடும். வருகிறவருக்கு அந்த நியமனம் இருக்கிறதா, இருந்தாலும் உங்கள் மாவட்டத்துக்குச் செல்லுமா என்று இப்போதே விசாரி. ஜனவரிக்குப் பிறகு தேதி குறித்த ஜோடிகளை இந்த மாதமே கூப்பிட்டு உட்கார வை. பதிய முடியாத நிலை என்றால் முதலில் தேசியப் பதிவுத் துறையில் (ஜே.பி.என்) பதிந்துவிட்டு, கோவிலில் ஆசீர்வாத ஆராதனை வைத்துக்கொள்ளட்டும். நோட்டீஸ் கொடுத்து 21 நாள் கழிய வேண்டும். ஆறு மாதத்துக்குள் கல்யாணம் முடிய வேண்டும். பத்திரிகை அடித்து மண்டபத்துக்கு முன்பணமும் கட்டிய பிறகு இதைக் கேள்விப்பட்டால், "கோவிலில் மோதிரம் மாற்றியாச்சே, பிறகு பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். அது பின்னால் பிள்ளையின் பிறப்புப் பதிவில்தான் வந்து இடிக்கும். தோட்டத்துக் குடும்பங்கள் குடியுரிமை தராத சிவப்பு அடையாள அட்டையோடும் (ஐசி) அந்த ஐசியே இல்லாமலும் அலைந்ததெல்லாம் போதும்.

பதிவேடுகளை வார்டன்கள் முன்னால் எண்ணிக் கொடு. ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம், ஆராதனைப் பதிவேடு. ஒவ்வொன்றிலும் முதல் தேதி, கடைசி தேதி, கடைசிப் பதிவின் எண். பாதி எழுதிய வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஞானப்பெற்றோர் பேர் தெரியவில்லை என்று பென்சிலில் விட்டிருந்தால் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டு முடி. மையில் பேர் பிழையாக இருந்தால் அழித்து எழுதாதே. ஓரத்தில் சரியான பேரும் தேதியும் கையெழுத்தும் போடு. ஊர்ப்பேரும் அப்படித்தான். உங்கள் பக்கத்துப் பழைய பதிவுகளில் பத்தாங் பெர்ஜுந்தை என்று இருக்கும், 2007இல்தான் அது பெஸ்தாரி ஜெயா ஆனது. 1970க்கு முந்தையதில் பேராயத்தின் பேரே வேறு, அப்போது சிங்கப்பூரோடு ஒன்றாக இருந்தோம். நகல் எடுத்துக் கொடுக்கும்போது பதிவேட்டில் உள்ளதை உள்ளபடியே எழுத வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி முன் அட்டைக்குள் ஒட்டிவிடு. வருகிறவர் வெளியூர்க்காரராக இருந்தால் தப்பென்று நினைத்துத் திருத்திவிடுவார். அலமாரியைச் சுவரை ஒட்டி வைத்திருந்தால் ஒரு சாண் முன்னால் இழு. கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும்.

ஆனால் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒன்று இருக்கிறது, அதுதான் பின்னால் சண்டையாகும்: நீ வாயால் கொடுத்த வாக்கு. கணவர் கல்லறைக்குப் பக்கத்து இடம் எனக்கு என்று ஒரு பாட்டிக்குத் தலையாட்டியிருப்பாய். ஹாலை டியூஷனுக்கு இலவசமாக விட்டிருப்பாய். தோட்டத்து மேனேஜரிடம் ஜெபக்கூடத்துக்குக் கூரை மாற்றப் பேசி, சரி என்று அவரும் வாயால் சொல்லியிருப்பார். நிலம் கம்பெனியுடையது, மேனேஜர் மாறினால் அந்தச் "சரி"யும் போயிற்று. ஒரு வாரம் சட்டைப்பையில் சின்ன நோட்டு வைத்துக்கொள், ஞாபகம் வரும்போதெல்லாம் குறி. பிறகு சபைச் சங்கத்தில் வைத்து, எது நிற்கும் எது நிற்காது என்று முடிவெடுத்து மினிட்ஸில் ஏற்று. நிற்காததை நீயே போய் அந்த ஆளிடம் சொல். புது ஃபாதர் வந்த முதல் மாதமே இல்லை என்று சொல்லும் நிலையில் அவரை மாட்டிவிடாதே. மேனேஜரிடமிருந்து எழுத்தில் வாங்கு, இரண்டு வரியானாலும் பரவாயில்லை.

உன்னிடம் அந்தரங்கமாகச் சொன்னவை இந்தப் பட்டியலில் வராது. அதை வருகிறவருக்குக்கூடச் சொல்லாதே. யாருக்காவது தொடர்ந்து உதவி வேண்டுமென்றால், "உங்களைப் பற்றி அவரிடம் சொல்லட்டுமா" என்று அவரையே கேள். குறிப்பு எழுதி வைத்திருந்தால் கிழித்துக் குப்பையில் போடாதே, எரித்துவிடு.

பணம். காசோலையில் உன் கையெழுத்தும் வேண்டுமென்றால், மாற்றுவதற்குச் சபைச் சங்கத் தீர்மானத்தின் நகலும் புதிதாகக் கையெழுத்திடுபவரின் ஐசியும் வங்கி கேட்கும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். நவம்பரிலேயே ஆரம்பி. இல்லாவிட்டால் ஜனவரியில் கோவிலைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளைக்குச் சம்பளம் போட முடியாது. அவருடைய சேமநிதியும் (ஈ.பி.எஃப்.) சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் (சொக்சோ) மறு மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியவை என்பதையும் எழுதி வை. ஏழைகள் நிதியில் யாருக்கு என்ன கொடுத்தாய், எது கடன், எது தானம் என்று பிரித்துக் காட்டு. கடனில் வராது என்று உனக்கே தெரிந்ததை இப்போதே தானமாக்கச் சங்கத்திடம் கேள்.

சாவிக்கொத்து தனிக் கதை. எந்தக் கோவில் கொத்திலும் பாதிச் சாவிக்குப் பூட்டே இருக்காது. ஒரு சனிக்கிழமை கோவில்பிள்ளையோடு நின்று ஒவ்வொன்றையும் போட்டுத் திருப்பிப் பார். திறக்காததைக் கொத்திலிருந்து எடுத்துவிடு. மிச்சத்துக்குப் பிளாஸ்டிக் வில்லை மாட்டி எண் மட்டும் எழுது. "பெட்டகம்" என்று எழுதினால் தொலைந்த அன்றைக்கே திருடனுக்கு வழி சொன்னதாகும். எண்ணுக்கு எந்தப் பூட்டு என்ற தாள் வார்டனிடம் இருக்கட்டும். ஜெபக்கூடத்துத் தொங்கு பூட்டு மழைக்கு இறுகியிருக்கும். அதற்குச் சமையல் எண்ணெய் விடாதே, தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். பென்சில் முனையைச் சுரண்டித் தூளைச் சாவியில் தடவி நாலு தரம் திருப்பு. பூ வைக்கிற அக்காவிடமும் பாடகர் குழுத் தலைவரிடமும் மாற்றுச் சாவி இருக்கும், உனக்கு முந்தைய ஃபாதர் கொடுத்ததாக இருக்கும். பிடுங்காதே, யாரிடம் எது என்று எழுதினால் போதும்.

வீட்டுச் சாமானில் "ஃபாதருக்கு" என்று கொடுத்தது உன்னுடையது, "ஃபாதர் வீட்டுக்கு" என்று கொடுத்தது சபையுடையது. சந்தேகமானால் விட்டுவிட்டு வா. ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்ற பேச்சு இருபது வருஷம் நிற்கும், நீ செய்த பிரசங்கம் நிற்காது.

கடைசி ஞாயிறைக் கிறிஸ்துமஸுக்குப் பிந்தியதாக வைக்காதே, பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். அதற்கு முந்திய ஞாயிறே சரி. பவுல் மிலேத்துவில் மூப்பர்களிடம் விடைபெறுகிற அப்போஸ்தலர் 20ஐ வாசிக்கப் போகிறாய் என்றால், 17 முதல் 38 வரை முழுக்க வாசிக்கச் சொல். எல்லோரும் அழுகிற இடம் கடைசியில் வருகிறது, அதற்கு முன்னால் 33இல் ஒருவனுடைய வெள்ளியையும் பொன்னையும் வஸ்திரத்தையும் நான் இச்சிக்கவில்லை என்று அந்த மனுஷன் கணக்கு ஒப்பிக்கிறார். பேர் பேராக நன்றி சொல்லாதே, ஒரு பேர் விட்டுப்போனால் போதும். பாடகர் குழு, தாய்மார் சங்கம், ஞாயிறு பள்ளி என்று சொல். ஆசீர்வாதத்துக்கு முன் பீடத்தருகே இரண்டு வார்டன்களையும் அழைத்து, பதிவேட்டை ஒருவர் கையிலும் சாவிக்கொத்தை மற்றவர் கையிலும் கொடு. பேச்சுக்கு நாலு பேர், ஆளுக்கு மூன்று நிமிஷம். படம் எடுக்கும்போது தோட்டத்து ஆட்களை முதலில் நிறுத்து, அவர்களுக்கு வேன் காத்திருக்கும்.

சாப்பாட்டை அம்மா சொல்லச் சொன்னாள்: இருநூறு பேருக்கு பிரியாணி அரிசி இருபது கிலோ, கோழி முப்பது கிலோ, அதற்கு மேல் போனால் வீண். தேங்காய்ப்பால் குழம்பு வேண்டாம், வெயிலில் திரிந்துவிடும். இருபதுக்கு இருபது அடி கேனோப்பி (பந்தல்) ஒன்றில் நாலு வட்ட மேசை, ஆக ஐந்து வேண்டும். மழை மூன்று மணிக்கு வரும், இரண்டுக்குள் பந்தியை முடி. அன்பளிப்புக்கு ஆளுக்கு இத்தனை வெள்ளி என்று யாரும் வசூல் பண்ணக் கூடாது, மூடிய பெட்டி வைத்தால் போதும்.

போன பிறகு முதல் சாவுச் செய்தி சீக்கிரமே வரும். "நீங்க வந்து நடத்தினால்தான் அம்மா ஆத்துமா சாந்தியடையும்" என்பார்கள். "புது ஃபாதருக்குச் சொல்லியாச்சா?" என்று கேள், வேறொன்றும் பேசாதே. அவர் கூப்பிட்டால் அங்கியோடு போகலாம். கூப்பிடாவிட்டால் சாதாரணச் சட்டையில் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, குடும்பத்தைப் பார்த்துவிட்டு வா. ஒரு வருஷமாவது அப்படி இரு. வாட்ஸ்அப் குழுவில் நீ ஒருவனே அட்மின் என்றால், வெளியேறும் முன் இரண்டு வார்டன்களையும் அட்மின் ஆக்கு. இல்லாவிட்டால் அதுவாக யாரையாவது போட்டுவிடும், அப்புறம் காலை வணக்கப் படங்களைத் தடுக்க ஆளிருக்காது.

லாரி வருகிற அன்று காலை மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் படம் எடுத்து வார்டனுக்கு அனுப்பு. கேஸ் தோம்பில் (சிலிண்டரில்) எவ்வளவு இருக்கிறது என்றும் பார். வருகிறவர் இரவில் வந்து சேர்ந்தால் ஒரு டீயாவது போட்டுக் குடிக்கட்டும். அந்தப் பூனையை யாரிடம் விடப் போகிறாய் என்று அம்மா கேட்கிறாள், பதில் எழுது.

அப்பா